இன்ஸ்டாகிராமில் ஆள் சேராத பெண்ணை ஓவியம் படிக்க வைக்கலாமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார்: "பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா. ஓவியம்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. நல்லாத்தான் வரையறா. ஆனா இந்தத் துறையில பேர் இருக்கறவன் கிறுக்கினாலும் கோடி, பேர் இல்லாதவன் உயிரைக் கொடுத்து வரைஞ்சாலும் தெருக்கோடின்னு சொல்றாங்க. இவளுக்கு இன்ஸ்டாகிராம்ல இருநூறு பேர்கூட இல்ல. சேர்க்கலாமா?"

சார், நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் உண்மைதான். 'சால்வடோர் முண்டி' என்ற இயேசு ஓவியம் 1958-ல் லண்டன் ஏலத்தில் 45 பவுண்டுக்குப் போனது. டாவின்சியின் சீடர் யாரோ வரைந்தது என்று அப்போது நினைத்தார்கள். அது டாவின்சியே வரைந்தது என்று பிறகு நிபுணர்கள் சிலர் சொன்னார்கள். 2017-ல் நியூயார்க்கில் 45 கோடி டாலருக்கு விற்றது. நடுவில் சுத்தம் செய்து பழுது பார்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் விலையை ஏற்றியது பெயர்தான். அது முழுக்க அவர் கைவேலைதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை!

சுமார் 5 லட்சம் ஓவியர்களின் கண்காட்சி வரலாற்றை அலசிய ஓர் ஆய்வு 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஆரம்பத்திலேயே பெரிய கேலரிகளில், மியூசியங்களில் இடம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் கடைசிவரை அந்த வட்டத்திலேயே இருந்தார்கள். ஓரத்தில் தொடங்கியவர்களில் மேலே வந்தவர்கள் குறைவு. படம் வாங்குகிறவருக்குத் தன் கண்ணை நம்பப் பயம். யார் காட்டுகிறார்கள், வேறு யார் வாங்கினார்கள் என்று பார்க்கிறார். குன்னூர் தேயிலை ஏலத்தில் டேஸ்டர் ஒவ்வொரு சாம்பிளையும் உறிஞ்சிப் பார்த்துத்தான் மதிப்புச் சொல்கிறார். அங்கேயே சில ஃபேக்டரிப் பெயருக்குத் தனி மவுசு உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அப்படியானால் தரம் எதற்கு? 2006-ல் வெளியான இன்னோர் ஆய்வைச் சொல்கிறேன். அதிகம் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை 14,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இணையத்தில் கொடுத்தார்கள். மற்றவர்கள் எதை எத்தனை முறை டவுன்லோடு செய்தார்கள் என்று காட்டியதும், எது ஹிட் ஆகும் என்பது கணிக்க முடியாமல் போனது. ஆனாலும் மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போனது அபூர்வம். மட்டமானவை உச்சிக்கு வந்ததும் அபூர்வம். நடுவில் இருந்தவைதான் அதிர்ஷ்டத்தின் கையில் சிக்கின. உங்கள் பெண் அந்த நடுக்கூட்டத்திலிருந்து வெளியே வரவேண்டும். அதற்குத்தான் நாலு வருஷப் படிப்பு.

இன்னொன்று. ஏலக் கதைகளெல்லாம் உங்கள் கவலைக்குப் பாதிதான் பொருந்தும். கவின் கலை படித்தவர்களில் கேலரியில் படம் விற்றே சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் அனிமேஷன், புத்தக ஓவியம், துணி டிசைன், சினிமா ஆர்ட் டிபார்ட்மெண்ட், ஆசிரியர் வேலை என்று போகிறார்கள். அங்கே போர்ட்ஃபோலியோவை, அதாவது இதுவரை வரைந்தவற்றின் தொகுப்பை, புரட்டிப் பார்ப்பார்கள், சொன்ன தேதிக்கு வேலையை முடிப்பாளா என்று விசாரிப்பார்கள். பெயர் பெரிதாக உதவாது. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியவர்களே பாத்திக் துணியும் (மெழுகு பூசிச் சாயமேற்றுவது) கைவினைப் பொருளும் விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள்.

அதற்காக நன்றாக வரைந்தால் போதும், மீதி தானாக வரும் என்றும் சொல்ல மாட்டேன். நம் மலையின் தோடர் பழங்குடிப் பெண்களின் பூத்தையலைப் பாருங்கள். துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டமும் இல்லாமல், வரைந்த மாதிரியும் இல்லாமல், துணியின் இழையை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஊட்டிக் கடையில் சால்வை வாங்குகிறவர்கள் தைத்த பெண்ணின் பெயரைக் கேட்பதில்லை. உங்கள் மகள் எதை வரைந்தாலும் கையெழுத்தும் தேதியும் போடட்டும், நல்ல வெளிச்சத்தில் ஃபோட்டோ எடுத்து வைக்கட்டும். ஆள் சேர்க்கிறேன் என்று தினமும் ரீல்ஸ் போட வேண்டாம். வரையும் நேரம் அதில் போய்விடும்.

சரி, எங்கே சேர்ப்பது? சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் பி.எஃப்.ஏ. (கவின் கலை இளநிலைப் பட்டம்) நாலு வருஷம், பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் பரவாயில்லை. சென்னையில் ஓவியம் மட்டுமில்லை, டெக்ஸ்டைல், செராமிக், விஷுவல் கம்யூனிகேஷனும் உண்டு. டிசைன் பக்கம் மனசு போனால் நிஃப்ட் (தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனம்), என்.ஐ.டி. (இன்ஜினீயரிங் என்.ஐ.டி. இல்லை, தேசிய டிசைன் நிறுவனம்) நுழைவுத் தேர்வுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். மார்ச் பரீட்சை முடியட்டும் என்று உட்கார்ந்தால் அந்த வருஷம் போச்சு.

முடிவு செய்யும் முன் ஒரு தடவை அவளைச் சென்னைக்குக் கூட்டிப் போங்கள். கல்லூரிக்குள் மாணவர்கள் வேலை செய்வதைப் பார்க்கட்டும், அப்படியே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தையும் பார்த்துவிடலாம். சீனியர் மாணவிகளிடம் அவளே பேசட்டும். நீங்கள் அந்த நேரத்தில் ஹாஸ்டல் விஷயத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.