முகமது அலி எடுத்து வைக்காத அடி: வாசகர் கடிதம்

ஐயா, வணக்கம்.

குத்துச்சண்டை வீரர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், முகமது அலி ராணுவத்தில் சேர மறுத்ததைத் துணிச்சல் என்று எழுதியிருந்தீர்கள். நான் ராணுவத்தில் பதினேழு ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். எந்த ஊருக்கு ஆர்டர் வந்தாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவோம். பிள்ளைக்குக் காது குத்தும் நாளில்கூட ரயில் ஏறியிருக்கிறேன். விடுப்பு முடிந்தும் திரும்பாமல் ஓடிப்போகிறவன் செய்வதும் அலி செய்ததும் என் கணக்கில் ஒன்றுதான். கடைசியில் நீதிமன்றமும் அவர் செய்தது சரி என்று சொல்லவில்லையாம்; ஏதோ நடைமுறைக் குறையைக் காட்டி விட்டுவிட்டதாம். இதற்காக ஒரு நாளாவது சிறையில் இருந்தாரா? அவர் போகாத இடத்துக்கு வேறு யாரோ ஓர் ஏழைப் பையன் போயிருப்பான் அல்லவா?

எஸ்., வேலூர் மாவட்டம்

அன்புள்ள எஸ் அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கேள்விதான் கடினமானது. அதற்குப் பிறகு வருகிறேன். 'ஓடிப்போகிறவன்' என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வியட்நாம் போர்க் காலம் அது; அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேர்ப்பு இருந்தது. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில் இருந்த ஆள்சேர்ப்பு மையத்துக்கு, அழைப்பாணையில் சொன்னபடி அலி காலையிலேயே போய்விட்டார். மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டார். மற்ற பையன்களோடு வரிசையில் நின்றார். அங்கே கடைசிச் சடங்கு ஒன்று உண்டு: அதிகாரி பெயரைக் கூப்பிடுவார், கூப்பிடப்பட்டவர் ஓர் அடி முன்னே வைக்க வேண்டும். வைத்த நொடியில் அவர் சிப்பாய். 'காசியஸ் கிளே' என்று அவருடைய பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அலி அசையவில்லை. தனியறைக்கு அழைத்துப் போய், மறுத்தால் ஐந்து ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று விளக்கிவிட்டு மறுபடி கூப்பிட்டார்கள். அப்போதும் அசையவில்லை. மறுப்பை எழுத்தில் கேட்டார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்த ஓர் அடிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1942இல் பில்லிங்ஸ் என்ற பொருளாதார ஆசிரியர், அழைப்பு வந்ததும் லெவன்வொர்த் கோட்டைக்குப் போய், உறுதிமொழி எடுக்க மாட்டேன் என்றார். அதிகாரி தாமே உறுதிமொழியை அவர் முன் வாசித்துவிட்டு, 'நீ மறுத்தாலும் ஒன்றுதான், இனி நீ ராணுவத்தான்' என்று அறிவித்தார். அடுத்து விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். அதற்கும் மறுத்தார். கட்டளையை மீறினார் என்று ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்திவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருவர் வாயில் மற்றவர் உறுதிமொழியைத் திணிக்க முடியாது, அவர் இன்னும் குடிமகன்தான், விசாரிப்பதானால் சாதாரண நீதிமன்றத்தில் விசாரியுங்கள் என்று 1944இல் தீர்ப்பு வந்தது. சேர்ந்தவர் யார், சேராதவர் யார் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் காட்ட ஒரு செயல் தேவைப்பட்டது. அதுதான் அந்த அடி.

மறுக்கப் போகிறவர் எதற்காக மையம் வரை போக வேண்டும்? வீட்டிலேயே இருந்துவிடலாமே? கூடாது. 'என்னைத் தவறாக வகைப்படுத்திவிட்டார்கள்' என்று நீதிமன்றத்தில் வாதாட விரும்புகிறவர், ஆள்சேர்ப்பு வாரியம் சொன்ன ஒவ்வொரு படியையும் ஏறி, கடைசிப் படியில் நின்று மறுத்திருக்க வேண்டும். ஓடி ஒளிந்தவருக்கு அந்த வாதம் கிடைக்காது. ஆக அலி ஹூஸ்டனில் நின்றது பத்திரிகைக்காரர்களுக்காக மட்டும் அல்ல. (அவர்களும் கூட்டமாக வந்திருந்தார்கள், அலி இருக்கும் இடத்தில் அவர்கள் இல்லாமல் இருப்பார்களா?)

உங்களுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான். நம் நாட்டில் கட்டாயச் சேர்ப்பு கிடையாது. நீங்கள் விரும்பிப் போய் வரிசையில் நின்று, உறுதிமொழி எடுத்துச் சேர்ந்தீர்கள். அதற்குப் பிறகு ஆணையை மறுப்பது சொன்ன சொல்லை மீறுவது. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது, நியாயம்தான். அலி சொல்லே கொடுக்கவில்லை. கொடுக்கச் சொன்ன இடத்துக்கு நேரில் போய், கொடுக்க மாட்டேன் என்றார்.

அதற்காக அவரை அப்பழுக்கற்ற தியாகி என்றும் சொல்ல வரவில்லை. 1964இல் ராணுவத்தின் எழுத்துத் தேர்வில் தவறியதால் அவரை ஒதுக்கிவைத்திருந்தார்கள். வியட்நாமுக்கு ஆள் போதாமல் 1966இல் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்தபோதுதான் தகுதியானவர் ஆனார். மனசாட்சியின் பேரில் போரை மறுக்கிறேன் என்ற மனு அதற்குப் பிறகுதான் வந்தது. குடும்பக் கஷ்டம், மத போதகர் என்ற காரணங்களையும் முன்வைத்துப் பார்த்தார். 'அழைப்பு வரும்போதுதான் மனசாட்சியும் வருமா?' என்று அரசுத் தரப்பு கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை விசாரிக்க அரசே அமர்த்திய ஓய்வுபெற்ற நீதிபதி, அலியை நேரில் கேட்டுவிட்டு, இவர் உண்மையாகத்தான் சொல்கிறார், விலக்கு கொடுங்கள் என்று பரிந்துரைத்தார். நீதித் துறை (நீதிமன்றம் அல்ல, அரசின் ஒரு துறை) அதைத் தள்ளிவிட்டு, கொடுக்க வேண்டாம் என்று மேல்முறையீட்டு வாரியத்துக்கு எழுதியது. வாரியமும் மறுத்தது. ஏன் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

நீங்கள் 'நடைமுறைக் குறை' என்று தள்ளிவிடுவது வாரியம் எழுதாமல் விட்ட இந்த ஒரு வரியைத்தான். விலக்கு கேட்பவர் மூன்றைக் காட்ட வேண்டும்: எல்லாப் போரையும் எதிர்க்கிறார், அது சமய நம்பிக்கையிலிருந்து வருகிறது, அதில் உண்மையாக இருக்கிறார். மூன்றிலும் அலி தவறிவிட்டார் என்று நீதித் துறை எழுதியிருந்தது. உச்ச நீதிமன்றத்தில் அதே அரசு, பின்னிரண்டிலும் நாங்கள் சொன்னது நிற்காது என்று ஒப்புக்கொண்டது. எஞ்சியது முதலாவது. அல்லா அறிவிக்கும் போரில் மட்டும் சேர்வேன் என்று அலி சொல்லியிருந்தார். அப்படியானால் எல்லாப் போருக்கும் எதிரி இல்லையே என்பது அரசின் வாதம். கடவுளின் போருக்கு மட்டும் வருவேன் என்ற, யெகோவா சாட்சிகள் எனும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில், சட்டம் பேசுவது இந்த மண்ணில் ஆயுதத்தோடு நடக்கும் போரைப் பற்றித்தான் என்று 1955இலேயே தீர்ப்பு இருந்தது. நீதிபதிகள் அந்தச் சிக்கலுக்குள் முழுதாக இறங்கவில்லை. வாரியம் எந்தக் காரணத்தை நம்பி மறுத்தது என்று தெரியவில்லை, தவறான காரணமாகவும் இருக்கலாம், ஆகவே கீழ் நீதிமன்றம் விதித்த தண்டனை செல்லாது என்று 1971 ஜூன் 28 அன்று எட்டுப் பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பும் முன் காரணத்தை எழுது என்று அரசிடம் சொல்வது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. யூனிட்டில் உங்கள் விடுப்பு மனுவைக் காரணம் சொல்லாமல் திருப்பிய நாள் ஏதாவது இருந்தால் உங்களுக்கும் படாது.

சிறையைப் பற்றிக் கேட்டீர்கள். மேல்முறையீடு முடியும்வரை ஜாமீனில் இருந்தார். இடையில் ஒருமுறை சில நாள் உள்ளே போனார். அது உரிமம் இல்லாமல் கார் ஓட்டியதற்கு. ஆனால் ஹூஸ்டனில் மறுத்த அன்றே நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் அவருடைய குத்துச்சண்டை உரிமத்தை நிறுத்தியது, உலக சாம்பியன் பட்டமும் போனது, பாஸ்போர்ட்டும் போனது. 1970 அக்டோபரில்தான் மறுபடி வளையத்துக்குள் வந்தார். 25 வயதிலிருந்து 28 வயது வரை ஒரு குத்துச்சண்டை வீரனுக்கு என்ன வயது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்த ஏழைப் பையன். உண்மைதான். வாரியங்களுக்கு எண்ணிக்கை கொடுத்து ஆள் எடுத்தார்கள். ஒருவர் குறைந்தால் பட்டியலில் அடுத்தவர். கல்லூரியில் படித்த பையன்களுக்குத் தள்ளிவைப்பு கிடைத்ததால் அந்த அடுத்தவர் பெரும்பாலும் கல்லூரிக்குப் போக வசதியில்லாதவர். இதற்கு அலியின் சார்பில் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் குத்துச்சண்டை சாம்பியன் ஜோ லூயியை எப்படி வைத்துக்கொண்டார்களோ அப்படித்தான் இவரையும் வைத்துக்கொண்டிருப்பார்கள்: சீருடை போட்டு, முகாம் முகாமாகக் காட்சிச் சண்டை. எண்ணிக்கையில் ஒரு தலை நிரம்பியிருக்கும். அந்தப் பையன் ஒரு மாதம் தப்பியிருப்பான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பதினேழு ஆண்டுகளில், ஓடாமல், அதிகாரியின் முன்னால் நேராக நின்று 'இதை மட்டும் செய்ய மாட்டேன்' என்று சொன்ன யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? அவரை என்ன செய்தார்கள்? பெயர் வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்.