பழைய விண்டோஸ் 98 கணினி, தொடக்கத்தில் டிரைவர் பிழை: கேள்வி பதில்

டாஸ், விண்டோஸ் 95, 98 ஓடும் வீட்டுக் கணினிகளைப் பற்றி மட்டும் கேளுங்கள். முதலில் ஒன்று: திரையில் வரும் வரியை எழுத்து மாறாமல் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். ‘ஏதோ டிரைவர் எரர்’ என்றால் என்னால் உதவ முடியாது.

கேள்வி: பரணில் இருந்த அப்பாவின் விண்டோஸ் 98 கணினியை இறக்கினேன். ‘எம்எஸ்சிடி001 என்ற டிவைஸ் டிரைவர் இல்லை’ என்று ஆங்கிலத்தில் வந்து நிற்கிறது. டிரைவரை எங்கே வாங்குவது?

வாங்க வேண்டாம். டிரைவர் கோப்பு (கருவியை இயக்கும் சிறு மென்பொருள்) பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும்.

கணினி எழும்போது முதலில் கான்ஃபிக்.சிஸ் என்ற அமைப்புக் கோப்பு படிக்கப்படும். அதில் ‘டிவைஸ்=’ என்று தொடங்கும் வரி ஓக்சிடிராம்.சிஸ் போன்ற டிரைவரை ஏற்றி, அதற்கு எம்எஸ்சிடி001 என்று பெயர் வைக்கும். அடுத்து ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற கட்டளைக் கோப்பு. அதில் எம்எஸ்சிடெக்ஸ் என்ற டாஸ் நிரல் அதே பெயரைக் கூப்பிட்டு, சிடி டிரைவுக்கு ஓர் எழுத்து கொடுக்கும். நீங்கள் பார்க்கும் வரி எம்எஸ்சிடெக்ஸ் சொல்வது. அது கூப்பிட்டது, பதில் வரவில்லை. உண்மையான தவறு அதற்கு முன்பே நடந்திருக்கிறது, அந்த வரி திரையில் ஓடி மறைந்துவிட்டது.

அதைப் பிடிக்க, கணினி எழும்போது கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடியுங்கள் (விண்டோஸ் 95 என்றால் எஃப்8). வரும் பட்டியலில் ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒய் (ஆம்) அல்லது என் (இல்லை) கேட்கும். சிடி டிரைவர் வரிக்கு ஒய் கொடுத்துவிட்டு அங்கேயே நிதானமாகப் படியுங்கள். கோப்பு ‘பேட் ஆர் மிஸ்ஸிங்’ என்றால் பாதை தவறு, அல்லது கோப்பு கெட்டிருக்கிறது அல்லது அங்கே இல்லை. டிரைவ் கிடைக்கவில்லை என்றால் வயரைப் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், இரு கோப்புகளிலும் ‘/டி:’க்குப் பின் உள்ள பெயர் ஒன்றேதானா என்று பாருங்கள்.

வயர் விஷயம்: பரணில் ஏற்றி இறக்கியதில் கழன்றிருக்கலாம். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். 40 ஊசிப் பட்டை வயரின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அது முதல் ஊசிப் பக்கம், அதாவது பெரும்பாலும் மின்சார வயர் செருகும் பக்கம் வர வேண்டும். டிரைவின் பின்புறம் சின்ன ஜம்பர் இருக்கும். ஹார்ட் டிஸ்கும் சிடி டிரைவும் ஒரே வயரில் இருந்தால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ் என்று ஜம்பரை வையுங்கள்.

அப்பா எழுதியவை ஏதாவது அதில் இருந்தால், மற்ற எதையும் தொடும் முன் அவற்றைப் பிரதி எடுங்கள்.

கேள்வி: ஃபார்மட் செய்தால் சரியாகிவிடுமா?

வேண்டாம். வயர் கழன்றிருந்தால் ஃபார்மட் அதைச் செருகாது.

கேள்வி: 486 கணினி. நேரமும் தேதியும் நிற்பதில்லை, ஹார்ட் டிஸ்கையும் மறந்துவிடுகிறது.

பேட்டரி. மதர்போர்டில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தால் இன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். அது கசிந்து பச்சை பூத்து, செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். கசிந்த இடத்தை வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். சிஆர்2032 வட்ட பேட்டரி என்றால் மாற்றினால் போதும்.

கேள்வி: ஆன்டிவைரஸ் ஃபோல்டரை அழித்தேன். அன்றிலிருந்து ஏதோ விஎக்ஸ்டி கோப்பு இல்லை என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறது.

ஃபோல்டரை அழிப்பது மென்பொருளை நீக்குவது ஆகாது. விஎக்ஸ்டி என்பது விண்டோஸின் ஒரு வகை டிரைவர் கோப்பு. அது போய்விட்டது, அதைக் கூப்பிடும் வரி நிற்கிறது. சிஸ்டம்.இனி கோப்பில் [386என்ஹ்] பகுதியில் அந்தப் பெயர் இருந்தால் வரியின் முன் ஓர் அரைப்புள்ளி போடுங்கள், வரி செயல்படாது. அங்கே இல்லையென்றால் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், சர்வீசஸின் கீழ் உள்ள விஎக்ஸ்டி கிளையில் இருக்கும். ரெஜிஸ்ட்ரியைத் தொடும் முன் அதை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.

கேள்வி: சிடி விஷயத்துக்கு ஏன் இவ்வளவு? இரண்டு வரிக்கும் முன்னால், வரியை ஓடவிடாத ‘ரெம்’ போட்டால் முடிந்தது. விண்டோஸுக்குச் சொந்த சிடி டிரைவர் இருக்கிறதே.

விண்டோஸுக்குள் அந்த இரண்டு வரியும் தேவையில்லை, அது சரி. ஆனால் வயர் கழன்ற டிரைவை விண்டோஸின் சொந்த டிரைவராலும் பார்க்க முடியாது. ரெம் போட்டால் செய்திதான் போகும், கோளாறு போகாது. முதலில் டிரைவ் தெரியட்டும், அப்புறம் வரியை எடுப்பதா என்று பார்க்கலாம்.

கேள்வி (இன்னொருவர்): எடுக்கவே கூடாது, அண்ணா! என் டாஸ் விளையாட்டுகள் எல்லாம் சிடியில் இருக்கின்றன.

விண்டோஸுக்குள் டாஸ் ஜன்னல் திறந்து ஆடுவதற்கு அந்த வரிகள் வேண்டாம், அங்கே சிடி தெரியும்.

கேள்வி (ரெம் சொன்னவர்): அதைத்தான் நானும் சொன்னேன். ரெம் போதும்.

போதாது. சில விளையாட்டுகள் ‘எம்எஸ்-டாஸ் மோடில்’ மறுபடி தொடங்கினால்தான் ஓடும். அங்கே விண்டோஸின் டிரைவர் கிடையாது. இருவருக்கும் பொருந்தும் வழி: கான்ஃபிக்.சிஸ் வரி இருக்கட்டும். எம்எஸ்சிடெக்ஸ் வரியை மட்டும் ஆட்டோஎக்ஸெக்.பேட்டிலிருந்து எடுத்து, விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள டாஸ்ஸ்டார்ட்.பேட்டில் போடுங்கள். டாஸ் மோடுக்குப் போகும்போதுதான் அது ஓடும். என் கணினியில் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி: டிரைவர் எரர் வருகிறது, என்ன செய்ய?

எந்த வரி? எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: ஃபார்மட் செய்து பார்க்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

கேள்வி: மானிட்டரில் படம் சுருங்குகிறது, திறந்து பார்க்கட்டுமா?

திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கும். டிவி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: விண்டோஸ் 95, ஏஎம்டி கே6-2, 400 மெகாஹெர்ட்ஸ். சில நாள் எழுகிறது, சில நாள் ‘புரொடெக்‌ஷன் எரர்’.

இது எனக்குப் பிடித்த கோளாறு. கெட்டுப்போனது எதுவுமில்லை, செயலி வேகம்தான் காரணம். தொடக்கத்தில் விண்டோஸ் 95 ஒரு சுற்றை ஓட்டி நேரம் அளக்கிறது. 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள கே6-2 அந்தச் சுற்றை மிக வேகமாக முடிப்பதால், அளந்த நேரம் சுழியமாகி, சுழியத்தால் வகுக்கப் போய் நின்றுவிடும். அதனால்தான் ஒரு நாள் எழுகிறது, ஒரு நாள் இல்லை. ஏஎம்டிகே6யுபிடி என்ற திருத்தம் இதற்கென்றே வந்தது. விண்டோஸ் 98 போட்டாலும் தீரும். அது கிடைக்கும்வரை, எழும் நாளில் கோப்புகளைப் பிரதி எடுத்து வையுங்கள்.