தூண்டில் கேள்வி-பதில்: ஸ்மால்மவுத் பாஸுக்கு எந்த ஃப்ளை ராட்?

கேள்வி: ஃபெர்கஸ் பக்கம் பிரவுன் ட்ரவுட் பிடிக்க வாங்கிய 9 அடி, 5ஆம் எண் ஃப்ளை ராட் (தூண்டில்கோல்) என்னிடம் இருக்கிறது. இந்தக் கோடையில் பாரிஸ் ஊருக்குக் கீழே கிராண்ட் ஆற்றில் இறங்கி ஸ்மால்மவுத் பாஸ் பிடிக்க ஆசை. கடைக்காரர் 8ஆம் எண் வாங்கச் சொல்கிறார். மீன் இரண்டு பவுண்டைத் தாண்டுவதே அபூர்வம். அவ்வளவு பெரிய ராட் எதற்கு?
– வாசகர், கிச்சனர், ஒன்டாரியோ

பதில்: மீனின் எடையைப் பார்த்து ராட் வாங்காதீர்கள். இரண்டு பவுண்டு பாஸை உங்கள் 5ஆம் எண் ராட் தாராளமாகக் கரை சேர்க்கும். அது திணறப்போவது வீசும்போதுதான்.

ஸ்பின்னிங் தூண்டிலில் இரையின் எடை நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது இறகு, மயிர் கட்டிய லேசான போலி இரை; அந்தத் தூண்டிலில் லைன் என்னும் தடித்த வீச்சு நூலின் எடைதான் ஃப்ளையைத் தூக்கிப் போகிறது. ராடில் எழுதியிருக்கும் எண், அது வீசக்கூடிய லைனின் எண். லைனின் முதல் 30 அடி 5ஆம் எண்ணில் 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்), 6இல் 160, 7இல் 185, 8இல் 210. ட்ரவுட்டுக்குக் கட்டும் சின்ன ஃப்ளைக்கு 140 கிரெய்ன் போதும். பாஸுக்கு வீசும் பாப்பர் (மிதந்து சத்தம் எழுப்பும் ஃப்ளை), மான் மயிர்த் தவளை, மூன்று அங்குல மீன்குஞ்சு ஃப்ளை ஆகியவை காற்றை அடைத்துக்கொண்டு போகும். லைன் லேசாக இருந்தால் அது காற்றில் வளைந்து பறக்கும் லூப் பாதியில் செத்துவிடும். லைன் முனையில் கட்டும் மெல்லிய நூலான லீடர் விரியாமல் பாப்பரோடு சேர்ந்து குவியலாக விழும். வேகத்தைக் கூட்டினால் சரியாகும் என்று ஓங்கி வீசுவார்கள். லூப் இன்னும் கெடும், தோளும் வலிக்கும்.

உங்கள் ஆற்றுக்கு எங்கள் தேர்வு 9 அடி, 7ஆம் எண், நான்கு துண்டு, மீடியம்-ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (நடுத்தரத்துக்குச் சற்று மேல் விறைப்பு). வீசப்போவது 6 முதல் 4 வரையிலான கொக்கி அளவில் நண்டு, வூலி பக்கர் போன்ற ஃப்ளை மட்டும்தான் என்றால் 6ஆம் எண் போதும். கையில் லேசாக இருக்கும், நாள் முழுக்க வீசலாம். ஏரிக்காற்று, 1/0 என்ற பெரிய கொக்கியில் நான்கைந்து அங்குல ஃப்ளை, கூடவே பைக் மீனுக்கும் அதே ராட் என்றால் கடைக்காரர் சொல்வது சரி, 8 வாங்குங்கள்.

‘ஃபாஸ்ட்’ என்று விளம்பரம் செய்யும் மிக விறைப்பான ராட் 60, 70 அடி வீச்சுக்கு நல்லது. ஆற்றில் இறங்கி நிற்பவருக்குப் பெரும்பாலான மீன் 30 முதல் 45 அடிக்குள் கடிக்கும். அந்தத் தூரத்துக்கு வெளியே விடும் குறைந்த லைனில் விறைப்பான ராட் வளையாது. கடைக்குப் போகும்போது கொக்கி முனையை வெட்டிய ஒரு பாப்பரைக் கொண்டுபோங்கள். 30 அடியிலும் 50 அடியிலும் வீசிப்பாருங்கள். வெறும் நூல் முடிச்சு கட்டி வீசிக் காட்டினால் எல்லா ராடும் நல்ல ராடுதான்!

கேள்வி: என்னிடம் 6ஆம் எண் ராட்; வீசியது கனமான உலோகக் கண் வைத்த கிளவுசர் மின்னோ என்ற ஃப்ளை. சின்ன மீன் ஒன்றை இழுக்கும்போது நுனித் துண்டு முறிந்துவிட்டது. ராட் தரமில்லாததா?
– வாசகர், ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா

பதில்: அந்த மீன்மேல் பழி போட வேண்டாம். பின்வீச்சில் லைன் தளர்ந்தால் உலோகக் கண் கீழே இறங்கி, முன்வீச்சில் ராட் நுனியில் மோதும். கார்பன் இழையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். முறிவது வேறொரு நாள், ஒன்றுமில்லாத இழுப்பில்.

கிளவுசர் பிறந்ததே உங்கள் சஸ்குவஹானா ஆற்று ஸ்மால்மவுத்துக்காக. பாப் கிளவுசர் 1980களில் கட்டியது. அதை ட்ரவுட் ஃப்ளைபோல இறுக்கமான லூப்பில் வீசக்கூடாது. பின்வீச்சைப் பக்கவாட்டில் தாழ்வாக எடுத்து, நிறுத்தாமல் வளைத்துக் கொண்டுவந்து, முன்வீச்சைத் தலைக்கு மேலே அனுப்புங்கள். லைன் எந்த நொடியிலும் தளரக்கூடாது. நடுவில் வெறும் வீச்சு (ஃப்ளையைத் தண்ணீரில் போடாமல் காற்றிலேயே முன்பின் வீசுவது) ஒன்றுக்கு மேல் வேண்டாம். முழங்கால் ஆழத்துக்கு 1/50 அவுன்ஸ் கண் போதும். நான்கைந்து அடி ஆழத்துக்கு 1/30. அதற்கும் மேல் கனம் வேண்டுமென்றால் 7 அல்லது 8ஆம் எண் ராடுக்குப் போய்விடுங்கள்.

இன்னும் இரண்டு இடங்களில் ராட் முறியும். மீன் காலடிக்கு வந்ததும் ராடைத் தோளுக்குப் பின்னால் செங்குத்தாகத் தூக்கினால் முழு வளைவும் நுனித் துண்டில் விழும். தாழ்த்திப் பிடித்து அடித்துண்டால் இழுங்கள். ஃப்ளை கல்லில் மாட்டினால் ராடை வளைக்காதீர்கள், நேராக அதை நோக்கி நீட்டி லைனைக் கையால் இழுங்கள். கனமான ஃப்ளை வீசும் நாளில் ராட் துண்டுகளின் மூட்டுகளும் தளரும். அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், ஆண் மூட்டில் (உள்ளே நுழையும் முனையில்) கொஞ்சம் மெழுகு தேயுங்கள்.

கேள்வி: கயாக்கில் உட்கார்ந்து வீச 8 அடிக்கும் குறைந்த ராட் நல்லதா?

பதில்: இல்லை. தாழ்வாக உட்கார்ந்திருக்கும்போது குட்டை ராடின் பின்வீச்சு தண்ணீரைத் தட்டும். 9 அடியே இருக்கட்டும். 7 அடி 11 அங்குல பாஸ் ராடுகள் வந்தது, அந்த நாளில் 8 அடிக்கு மேல் ராடை அனுமதிக்காத போட்டிகளுக்காக.

கேள்வி: ராட், ரீல், லைன் எல்லாம் சேர்த்து 300 டாலர்தான். எதில் மிச்சம் பிடிப்பது?

பதில்: ரீலில். ஸ்மால்மவுத் துள்ளும், பாறைக்கடியில் முங்கும், தூரம் ஓடாது. பெரும்பாலும் லைனைக் கையால்தான் இழுப்பீர்கள். ராடின் எடைக்குச் சமநிலையான, எளிய பிரேக் உள்ள ரீலும், லைனுக்குப் பின்னால் கட்டும் 20 பவுண்டு பேக்கிங் நூல் 50 கஜமும் போதும். ராடுக்கு 150, லைனுக்கு 80, மீதி ரீலுக்கு.

லைனில் கஞ்சத்தனம் வேண்டாம். எடை முன்பக்கம் குவிந்து, முன் சரிவு (நுனி நோக்கி மெலியும் பகுதி) குட்டையாக இருக்கும் மிதக்கும் ‘பாஸ்’ லைன் வாங்குங்கள். குளிர்நீருக்கான ட்ரவுட் லைன் கோடை வெயிலில் துவண்டு ராடின் வளையங்களில் ஒட்டும். பெட்டியில் கிரெய்ன் அளவைக் கட்டாயம் படியுங்கள். 7 என்று விற்கும் பாஸ் லைன்கள் பல, ஒரு எண் கூடுதல் கனத்தோடு வருகின்றன. ‘ஒரு எண் ஏற்றிப் போடு’ என்ற பழைய யோசனையை அதன்மேலும் செய்தால் ராட் தொய்ந்துபோகும்.

லீடரை நீங்களே கட்டலாம்: 30 பவுண்டு நைலான் மூன்றரை அடி, 20 பவுண்டு இரண்டு அடி, 10 பவுண்டு இரண்டு அடி. மொத்தம் ஏழரை அடி. பாப்பர் விரியாமல் விழுந்தால், முதலில் கடைசித் துண்டில் அரை அடி வெட்டிப் பாருங்கள்.