இரசாயன ஆயுதங்களும் உடல்நலமும்: அரசுகள் எதை ஆராய்ந்தன, எதை மறைத்தன? (கேள்வி பதில்)

வந்த கேள்விகளில் பாதி ஒன்றையே சுற்றி வந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்த நச்சை எப்படிச் செய்வது, எவ்வளவு இருந்தால் போதும் என்கிற மாதிரி இரண்டு மூன்று வந்திருந்தன. அவற்றைத் தொடப்போவதில்லை. நான் நச்சியல் பாடம் நடத்துகிறவன். இராணுவத்தில் இருந்தவன் அல்ல.

செல்வி: அரசாங்கம் இதன் உடல்நல பாதிப்பை ஆராய்கிறது என்றால், ஆயுதம் செய்வதற்குத்தானே ஐயா?

ஆரம்பத்தில் இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான் நடந்தன. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மன் படை குளோரினைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டே பிரிட்டன் போர்ட்டன் டவுனில் ஆய்வு நிலையம் அமைத்தது. எதிரி வாயுவை விட்டால் நம் ஆள் பிழைப்பானா, நாம் விட்டால் எதிரி எவ்வளவு நேரம் படுத்திருப்பான் என்ற இரண்டுக்கும் விடை மனித உடலில்தான் இருந்தது. முகமூடி, களிம்பு, மாற்று மருந்து எல்லாமே அந்த ஆய்விலிருந்து பிறந்தவை.

1997இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத உடன்படிக்கை ஆயுதத்தைத் தடை செய்கிறது, பாதுகாப்பு ஆய்வை அனுமதிக்கிறது. இந்தியா அந்த ஆண்டு தன்னிடம் தோலைக் கொப்புளிக்க வைக்கும் நச்சான கடுகு வாயு ஆயிரம் டன்னுக்கு மேல் இருப்பதாக அறிவித்து, 2009இல் அழித்து முடித்தது. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆய்வகம் இன்றும் கண்டறியும் கருவிகள், மாற்று மருந்துகள் என்று வேலை செய்கிறது.

ரஹீம்: மனிதர்கள் மேல் சோதித்தார்கள் என்பது உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

உண்மை. அரசுகளே ஒப்புக்கொண்ட உண்மை.

போர்ட்டன் டவுனில் 1916 முதல் 1989 வரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் சோதனைகளில் பங்கேற்றார்கள். 1953 மே 6 அன்று ரொனால்ட் மேடிசன் என்ற 20 வயது விமானப்படை வீரரின் கையில் துணியைச் சுற்றி, அதன் மேல் சாரின் என்ற நரம்பு நச்சின் சொட்டுகளை விட்டார்கள். அன்றே இறந்துபோனார். மூடிய அறையில் நடந்த மரண விசாரணை, தற்செயல் விபத்து என்று முடித்துக்கொண்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2004இல் நடந்த மறுவிசாரணை அதைச் சட்டவிரோதக் கொலை என்று தீர்ப்பளித்தது. சளிக்கு மருந்து தேடும் ஆய்வு என்றே தங்களிடம் சொல்லப்பட்டதாக அங்கு போய்வந்த பலர் பின்னாளில் சொன்னார்கள்.

அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் ஏறத்தாழ 60,000 வீரர்களைக் கடுகு வாயு, லூயிசைட் (ஆர்சனிக் கலந்த இன்னொரு கொப்புள நச்சு) சோதனைகளுக்குப் பயன்படுத்தியது. பெரும்பாலோருக்குத் தோலில் ஒரு துளி. சுமார் 4,000 பேரை வாயு நிரப்பிய அறைக்குள்ளோ, வாயு தெளித்த நிலத்திலோ நிறுத்தினார்கள். வெளியே சொன்னால் தண்டனை என்று மிரட்டி அனுப்பினார்கள். பலர் மனைவியிடமும் மருத்துவரிடமும்கூடச் சொல்லவில்லை. 1955 முதல் 1975 வரை மேரிலாந்தின் எட்ஜ்வுட் நிலையத்தில் இன்னும் ஒரு 6,700 பேர். கனடாவின் சஃபீல்டு, ஆஸ்திரேலியாவின் வெப்பமண்டலக் கடற்கரை என்று பட்டியல் நீளும்.

நமக்கு நெருக்கமானது ராவல்பிண்டி. 1930களிலும் போர்க்காலத்திலும் போர்ட்டன் டவுன் விஞ்ஞானிகள் அங்கே பிரிட்டிஷ் இந்தியப் படையின் இந்திய வீரர்களைக் கடுகு வாயு அறைக்குள் அனுப்பினார்கள். வெள்ளைத் தோலைவிட இந்தியத் தோல் எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பது நோக்கங்களில் ஒன்று. சிலர் அரைக்கால் சட்டையோடு உள்ளே போனார்கள். கடுமையாக வெந்து மருத்துவமனையில் கிடந்தவர்கள் இருக்கிறார்கள். அதன்பின் அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. ஆவணக் காப்பகத்திலிருந்து இது பத்திரிகைக்கு வந்ததே 2007இல்தான்.

ரஹீம்: அப்போது சம்மதம் வாங்கும் விதியெல்லாம் இல்லையா?

மனிதரின் மனமொப்பிய சம்மதம் இன்றி ஆய்வு கூடாது என்ற நியூரம்பெர்க் நெறி 1947இல் வந்தது. மேடிசன் இறந்தது 1953இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பிரியா: கடுகு வாயு பட்டால் கொப்புளம் வரும், ஆறிவிடும் என்று படித்தேன். அவ்வளவுதானா?

முதலில், அது வாயுவே இல்லை. எண்ணெய்ப் பசையுள்ள திரவம், ஆவியாகவும் துளியாகவும் பரவும். பட்டவுடன் வலிக்காது என்பதுதான் அதன் வஞ்சகம். பல மணி நேரம் கழித்துத்தான் கண் எரியும், தோல் சிவக்கும், கொப்புளிக்கும். அதற்குள் அது செல்களின் டி.என்.ஏ.வோடு பிணைந்துவிட்டிருக்கும். வேகமாகப் பெருகும் செல்கள் முதலில் அடிபடும்: தோல், கருவிழி, மூச்சுக்குழலின் உட்பூச்சு, எலும்பு மஜ்ஜை. வியர்வையும் வெப்பமும் புண்ணைக் கடுமையாக்கும். ஆஸ்திரேலியச் சோதனைகள் காட்டியது இதைத்தான்.

கொப்புளம் ஆறலாம். நுரையீரல் விஷயம் வேறு. இதைச் சொல்லிக்கொடுத்தது ஆய்வு அறைகளைவிட இரண்டு இடங்கள்தான். ஒன்று, ஜப்பானின் ஓகுனோஷிமா தீவு. இன்று முயல்களைப் பார்க்கப் போகிறார்கள். 1929 முதல் 1945 வரை அங்கே இரகசிய நச்சு வாயு ஆலை இருந்தது. அதன் தொழிலாளர்களை மருத்துவர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது மூச்சுப்பாதைப் புற்றுநோய் மிக அதிகமாக இருந்தது. கடுகு வாயு மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று உலக அளவில் வகைப்படுத்தியதற்கு அது முக்கியச் சான்று.

இரண்டாவது, ஈரான். ஈராக்கோடு நடந்த போரில், 1987 ஜூன் 28 அன்று சர்தஷ்த் என்ற ஊரின் மேல் கடுகு வாயுக் குண்டுகள் விழுந்தன. பாதிக்கப்பட்டவர்கள் வீரர்கள் அல்லர், ஊர்மக்கள். ஈரானிய மருத்துவர்கள் அவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். சிறு மூச்சுக்குழல்கள் தழும்பேறிச் சுருங்கும் நோய், பத்து இருபது ஆண்டுகள் நன்றாக இருந்துவிட்டுத் திடீரெனப் புண்ணாகும் கருவிழி, ஓயாத தோல் அரிப்பு. இன்று தாமத விளைவு பற்றிப் பாடநூலில் இருப்பதில் பெரும்பகுதி ஈரானியர்களின் உழைப்பு. மேற்கத்திய ஆய்வுகளுக்குக் கிடைக்கும் புகழில் கால்பங்குகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

கோபால்: கீமோதெரபி நச்சு வாயுவிலிருந்து வந்தது என்கிறார்களே?

சரிதான். யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்ற இருவர் அமெரிக்க அரசின் போர்க்கால ஒப்பந்தத்தின் கீழ் நைட்ரஜன் கடுகுச் சேர்மங்களை ஆராய்ந்தார்கள். வெள்ளையணுக்கள் அழிவதைப் பார்த்து 1942இல் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கொடுத்தார்கள். இரகசியம் என்பதால் போர் முடியும்வரை வெளியிடவில்லை. 1943 டிசம்பர் 2 அன்று இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் குண்டுவீச்சில் சிதறிய கப்பலொன்றில் கடுகு வாயுக் குண்டுகள் இருந்தன. அறுநூறுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். என்ன நச்சு என்று சிகிச்சை தந்தவர்களுக்கே சொல்லவில்லை. மருத்துவ அதிகாரி ஸ்டூவர்ட் அலெக்சாண்டர்தான் புண்களைப் பார்த்துக் கண்டுபிடித்தார். அவர் அறிக்கையும் வெள்ளையணு வீழ்ச்சியை உறுதி செய்தது. எல்லாம் பாரியில் தொடங்கியது என்று இணையத்தில் எழுதுகிறார்கள். யேல் அதற்கு முந்தியது.

லூயிசைட்டுக்கு மாற்று மருந்தாக ஆக்ஸ்போர்டில் கண்டுபிடித்த டைமெர்காப்ரால் இன்றும் ஆர்சனிக் நஞ்சுக்கு ஊசியாகப் போடப்படுகிறது.

மேரி (செவிலியர்): பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் போடுகிறோம். சாரினுக்கும் அதேதானாம். எப்படி?

இரண்டும் ஒரே குடும்பம் சிஸ்டர். 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிக்கொல்லி தேடும்போதுதான் டாபுன் என்ற நரம்பு நச்சு கிடைத்தது. நரம்பு செய்தி அனுப்பியதும், அச்செய்தியைக் கொண்டுபோன அசிட்டைல்கோலின் என்ற பொருளை உடைக்கும் நொதி ஒன்று உண்டு. அதை இவை முடக்கிவிடும். திறந்த குழாயை மூட ஆளில்லாத நிலை: எச்சில், கண்ணீர், சளி, வலிப்பு, கடைசியில் மூச்சு நிற்பது. அட்ரோபின் அந்த வெள்ளத்தைத் தடுக்கும். பிராலிடாக்சிம் என்ற இன்னொரு மருந்து நொதியை மீட்கும் என்பது கணக்கு. ஆனால் இலங்கையில் பூச்சிமருந்து நோயாளிகளிடம் நடந்த, 2009இல் வெளியான சோதனையில் அதனால் பலன் தெரியவில்லை. இராணுவ ஆய்வகத்தில் வேலை செய்த மருந்து வார்டிலும் வேலை செய்யும் என்று நம்பிவிட முடியாது.

மேரி: அப்படி ஒருவர் வந்தால், தொடும் நமக்கும் ஆபத்தா?

ஆபத்துதான். 1995 மார்ச் 20 டோக்கியோ சுரங்க ரயில் தாக்குதலில் செயின்ட் லூக் மருத்துவமனைக்கு மட்டும் முதல் நாளில் 640 பேர் வந்தார்கள். உடை களையாமல் உள்ளே விட்டதால் ஊழியர்கள் பலருக்கும் பார்வை மங்கல், தலைவலி. உடையைக் களைந்து பையில் கட்டுவது, நிறையத் தண்ணீரில் கழுவுவது, காற்றோட்டம். உங்கள் கையுறையும் முகக்காப்பும் இவற்றுக்கெல்லாம் முன்னால்.

சுரேஷ்: வளைகுடாப் போர் நோய் மனப்பிரமையா?

இல்லை. 1991இல் போன ஏழு இலட்சம் அமெரிக்க வீரர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஓயாத சோர்வு, மறதி, உடல்வலி. முதலில் மன அழுத்தம் என்றார்கள். இரசாயன ஆயுதம் யார்மேலும் படவே இல்லை என்றும் சொன்னார்கள். 1996இல்தான், ஈராக்கின் கமிசியா கிடங்கை 1991 மார்ச்சில் அமெரிக்கப் படையே தகர்த்தபோது அதற்குள் சாரின் ராக்கெட்டுகள் இருந்தன என்று ஒப்புக்கொண்டார்கள். பின்னர் காற்றோட்டக் கணக்கு போட்டு, ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர்மேல் இலேசாகப் பட்டிருக்கலாம் என்றார்கள்.

2022இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் அரசு நிதியில் செய்த ஆய்வு, சாரினைச் சிதைக்கும் நொதியைத் தரும் பான்1 மரபணு வலுக்குறைந்த வடிவில் இருந்து, நச்சு எச்சரிக்கை மணியும் கேட்டவர்களுக்கு நோய் அதிகம் என்று கண்டது. மரபணு பிறக்கும்போதே வருவது, நினைவுப் பிழையால் மாறாது என்பதால் இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனாலும் மணி கேட்டதா என்பது வீரரின் நினைவுதான். அன்று யார் எவ்வளவு சுவாசித்தார் என்று அளந்த கருவி எதுவும் இல்லை.

சாரின் போன்ற இன்னொரு நரம்பு நச்சான சோமானுக்கு முன்காப்பாக அன்று தந்த பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் சந்தேகப் பட்டியலில் உண்டு. சம்மதம் கேட்காமல் கொடுக்க அமெரிக்க மருந்துத் துறை விலக்கு அளித்திருந்தது. முறையான அனுமதி 2003இல் வந்தது, அதுவும் விலங்குச் சோதனையை வைத்து. மனிதருக்கு நஞ்சு கொடுத்துப் பார்க்க முடியாது என்பதால் 2002இல் கொண்டுவந்த விதி அது.

அனிதா: போபால் இதில் சேருமா?

சேராது. மெத்தில் ஐசோசயனேட் தொழிற்சாலைப் பொருள், ஆயுதம் அல்ல. ஆனால் சிக்கல் ஒன்றே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1994 வரை தொடர்ந்து ஆராய்ந்தது. அதன் அறிக்கை 2004இல்தான் வெளிவந்தது.

சுரேஷ்: "நீண்டகால பாதிப்புக்குச் சான்று இல்லை" என்று அறிக்கைகள் முடிகின்றனவே. நம்பலாமா?

வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள். சான்று இல்லை என்பதும் பாதிப்பு இல்லை என்பதும் ஒன்றல்ல. போர்ட்டன் டவுனுக்கு 1941 முதல் 1989 வரை போய்வந்த 18,276 பேரை, போகாத 17,600 வீரர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2009இல் வந்தது. மொத்த இறப்பு 6 சதவீதம் அதிகம். புற்றுநோய் இறப்பு அதிகமில்லை. நேர்மையான ஆய்வு, வீரரை வீரரோடு ஒப்பிட்டதும் சரியானது. ஆனால் ஒரே நாள் வந்து ஒரு துளி வாங்கியவரும், கடுமையாகப் பட்டவரும் அந்தச் சராசரிக்குள் கரைந்துபோவார்கள். எட்ஜ்வுட்டிலோ 250க்கு மேற்பட்ட பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் சிலரே. அந்த எண்ணிக்கையில் அரிய நோய் எதுவும் கண்ணில் படாது. சோதனை நடந்தபோதே அளவைக் குறித்து, ஆளைத் தொடர்ந்து பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கலைச்செல்வன்: உயிரோடு இருந்தவர்களுக்கு ஏதாவது கிடைத்ததா?

கனடா 2004இல் ஆளுக்கு 24,000 கனடிய டாலர் அறிவித்தது. பிரிட்டன் 2008இல், பொறுப்பை ஏற்காமலே, 360 பேருக்குச் சேர்த்து 30 இலட்சம் பவுண்டு. எட்ஜ்வுட் வீரர்கள் வழக்குப் போட்டு, 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மருத்துவச் சிகிச்சைக்கான உத்தரவு பெற்றார்கள்.

கடுகு வாயு அறைக்குள் நின்ற அந்த 4,000 அமெரிக்கர்களைத் தேடிப்பிடித்து இழப்பீடு தருவதாக அவர்களது முன்னாள் படைவீரர் துறை 1990களில் வாக்களித்தது. இருபது ஆண்டுகளில் அது தொடர்புகொண்டது 610 பேரை. 2015இல் ஒரு வானொலிச் செய்திக் குழு பழைய ஆவணங்களைப் புரட்டி இரண்டே மாதத்தில் ஆயிரத்து இருநூறுக்கு மேல் கண்டுபிடித்தது.