மடியில் இருக்கும் குழந்தையும் ஒரு பயணிதான்

கேள்வி: அட்லாண்டாவில் இருக்கிறோம். ஏப்ரலில் ஊரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். அவர்களோடு ஃபுளோரிடாவின் டெஸ்டினுக்குக் காரில் போகிறோம். கடலில் தூண்டில் போட வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. எங்களில் யாருக்கும் பழக்கமில்லை. தனிப் படகு 4 மணி நேரத்துக்கு 900 டாலர், ‘ஆறு பேர் வரை’ என்கிறார்கள். பலரோடு சேர்ந்து போகும் பெரிய படகில் தலைக்கு 80 டாலர். நாங்கள் 3 வயது மகளையும் சேர்த்து ஏழு பேர். அவளை மடியில் வைத்துக்கொண்டால் ஆறு பேர் என்று கணக்கு வராதா? எதை எடுக்கலாம்?

பதில்: வராது. கைக்குழந்தையானாலும் ஒரு பயணிதான். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விதிப்படி இந்தச் சிறிய சார்ட்டர் படகுகளில் ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. அதற்கு மேல் ஏற்றும் படகைக் காவல் படை சோதித்துச் சான்றிதழ் தந்திருக்க வேண்டும். “பரவாயில்லை, குழந்தைதானே” என்று ஒரு கேப்டன் சொன்னால் அந்தப் படகே வேண்டாம். இதில் விட்டுக்கொடுப்பவர் உயிர்காப்பு அங்கியிலும் விட்டுக்கொடுப்பார்.

என் யோசனை: மகளும் உங்கள் அம்மாவும் துறைமுகப் பக்கம் கடைத்தெருவில் பொழுதைப் போக்கட்டும், மற்ற ஐந்து பேரும் தனிப் படகில் போங்கள். காலை நேரப் பயணமாக எடுங்கள், மதியத்துக்கு மேல் காற்று ஏறும். செலவு கூடுதல்தான். 900 டாலரோடு முடியாது. கேப்டனின் உதவியாளருக்கு 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம், அதாவது 135 முதல் 180 டாலர், ரொக்கமாக. தூண்டிலில் இரை மாட்டுவது, சிக்கிய நூலைப் பிரிப்பது, கரைக்கு வந்ததும் மீனை வெட்டித் தருவது எல்லாம் அவர் வேலை. சில படகுகளில் எரிபொருளுக்கு, மீன் வெட்டுவதற்கு என்று தனியாக வாங்குவார்கள், அதை முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரிய படகில் ஐந்து பேருக்கு 400 டாலர், அப்புறம் டிப்ஸ். பணம் முக்கியம் என்றால் அதில் போவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்குக் குமட்டல் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அத்தனை பேர் கட்டணம் கட்டி வந்த படகு ஒருவருக்காகத் திரும்பாது. தனிப் படகில் நீங்கள் சொன்னால் கேப்டன் திருப்புவார், அல்லது அலை குறைந்த சாக்டஹாச்சி விரிகுடாவுக்குள் கொண்டுபோய் அங்கே தூண்டில் போட வைப்பார். அந்த மனநிம்மதிக்குத்தான் கூடுதல் பணம். கடல் குமட்டலுக்கான மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபின் போட்டுப் பெரிய பயனில்லை. அப்பா வேறு மருந்து எடுப்பவரானால் அவருடைய மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். படகில் கழிப்பறை உண்டா என்பதையும் கேளுங்கள், வயதானவர்களுக்கு நான்கு மணி நேரம் சின்ன விஷயமில்லை.

விளம்பரப் படங்களில் சிவப்பாகப் பெரிய மீன் தொங்கும். அது ரெட் ஸ்னாப்பர். சார்ட்டர் படகுகளுக்கு அதன் பருவம் ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது, அப்போதும் ஆளுக்கு இரண்டுதான். ஏப்ரலில் சிக்கினால் கடலிலேயே விட வேண்டும். அந்த மாதத்தில் எதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியும் என்று கேப்டனிடம் நேரடியாகக் கேளுங்கள். அங்கே ‘மிங்கோ’ என்று சொல்லும் வெர்மிலியன் ஸ்னாப்பர் கிடைக்கலாம். மாதக் கடைசியானால், நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவான கிங் மேக்கரலும் வரலாம். பிடித்த மீனைச் சமைத்துத் தரும் உணவகங்கள் துறைமுகத்தை ஒட்டியே இருக்கின்றன.

முன்பணம் கட்டும் முன் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: வானிலை காரணமாகக் கேப்டன் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்புமா? பெரும்பாலும் திரும்பும். ஆனால் கேப்டன் “போகலாம்” என்று சொன்னபின் நீங்கள் பயந்து பின்வாங்கினால் முன்பணம் போனதுதான். அதனால் விடுமுறையின் முதல் நாளிலேயே பயணத்தை வையுங்கள், தள்ளிப்போனாலும் நாள் மிச்சமிருக்கும். கிரெடிட் கார்டில் கட்டினால், சொன்ன சேவை கிடைக்காதபோது வங்கியிடம் முறையிட வழி உண்டு.

கேள்வி: அப்பாவுக்கு மீன்பிடி லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டுமா?

பதில்: சார்ட்டர் படகில் வேண்டாம், படகின் லைசென்ஸே எல்லோருக்கும் போதும். கடற்கரையில் நின்று தூண்டில் போட நினைத்தால் வேண்டும். மூத்த குடிமக்களுக்கான விலக்கு ஃபுளோரிடாவாசிகளுக்கு மட்டும்தான். வெளியூர்க்காரர்களுக்கு 3 நாளுக்கு 17 டாலர். இடைத்தரகர் தளங்கள் மேலே கட்டணம் வைப்பார்கள், ஃபுளோரிடா மீன், வனவிலங்கு ஆணையத்தின் தளம் வழியாகவே வாங்குங்கள்.