மர பெல்லட் கிரில்: 900 டாலர் கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் தனி வீட்டில் இருக்கிறோம், பின்புறம் சிமென்ட் தளம் உண்டு. கேஸ் கிரில் ஏற்கெனவே இருக்கிறது. மாதம் இரண்டு முறை நண்பர்கள் வருவார்கள். சிக்கன், ஆட்டுத் தொடை, எப்போதாவது பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக் கறி) செய்ய ஆசை. 900 டாலரில் ஒரு பெல்லட் கிரில் பார்த்து வைத்திருக்கிறோம். வாங்கலாமா?

பெயரில்தான் கிரில். உண்மையில் அது கொல்லையில் வைக்கிற, விறகில் எரிகிற ஓவன். அப்படி நினைத்து வாங்கினால் பணம் வீண் போகாது. தணலில் வாட்டிய கருகல் வேண்டும் என்று வாங்கினால் முதல் மாதமே முகம் சுருங்கிவிடும். உங்கள் பட்டியலில் ஆட்டுத் தொடையும் பிரிஸ்கெட்டும் இருப்பதால், வாங்கலாம் என்பதே என் பதில். கேஸ் கிரில்லை மட்டும் விற்றுவிடாதீர்கள்.

காரணம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. ஓரத்தில் உள்ள பெட்டி ஹாப்பர். அதில் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பெல்லட்டுகளைக் கொட்டுகிறோம். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகள் அவை. பசை எதுவும் சேர்ப்பதில்லை, மரத்திலேயே உள்ள லிக்னின் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்கிறது. ஹாப்பருக்கு அடியில் ஆகர் என்ற திருகு மெதுவாகச் சுற்றி, குச்சிகளை ஃபயர்பாட் என்கிற சின்ன இரும்புக் குவளைக்குள் தள்ளும். அங்கே இக்னைட்டர் கம்பி முதல் சில நிமிடம் பழுத்துத் தீ மூட்டிவிட்டு அணைந்துவிடும். அதன் பிறகு மின்விசிறி ஊதுகிற காற்றிலேயே தீ நிற்கும். தீக்கு மேல் ஒரு தகடு, அதற்கு மேல் கொழுப்பு வழிந்தோடும் சாய்வுத் தட்டு, அதற்கும் மேலேதான் கம்பி வலை. இறைச்சி தீயின் முகத்தையே பார்ப்பதில்லை; சுற்றி வரும் சூடான காற்றிலும் புகையிலும் வேகிறது.

ஓரிகன் மாநிலத்தின் மவுண்ட் ஏஞ்சல் ஊரில் ஜோ ட்ரேகர் 1980களின் நடுவில் உருவாக்கியது இது. காப்புரிமை 2006-ல் முடிந்ததும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். அதனால்தான் இன்று 400 டாலரிலும் கிடைக்கிறது, 2,000 டாலரைத் தாண்டியும் கிடைக்கிறது.

இந்த விலை வித்தியாசத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் பொருள் கன்ட்ரோலர். பழைய வகை வெறும் கடிகாரம் மாதிரி: புகை நிலையில் ஆகர் 15 விநாடி ஓடும், 65 விநாடி நிற்கும், மறுபடி ஓடும். வெளியே குளிர்ந்தால் பெட்டிக்குள் சூடு 20, 25 டிகிரி ஏறி இறங்கும். (இந்தப் பதிலில் வரும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்.) பி.ஐ.டி. கன்ட்ரோலர் சூட்டை அளந்துகொண்டே ஆகரையும் விசிறியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தும். 5 முதல் 10 டிகிரிக்குள் நிற்கும். 900 டாலர் கொடுக்கிறீர்கள் என்றால் பி.ஐ.டி. இல்லாததைத் தொடாதீர்கள். வைஃபை இருந்தால் நல்லது, ஆனால் வைஃபைக்காக மெல்லிய தகடு உள்ள மாடலை எடுக்காதீர்கள். கடையில் மூடியைத் தூக்கிப் பாருங்கள். கையில் கனம் தெரிய வேண்டும், மூடும்போது தகர டப்பா சத்தம் வரக் கூடாது.

செலவுக் கணக்கு எளிது. 225 டிகிரியில் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு பெல்லட் எரியும். 400-க்கு மேல் வைத்தால் 3 பவுண்டைத் தாண்டும். 20 பவுண்டு மூட்டை 15 முதல் 25 டாலர். 14 மணி நேரம் வேகிற பிரிஸ்கெட்டுக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை போய்விடும். சிக்கனுக்கு 3 பவுண்டு போதும். குளிர்காலத்தில், அதுவும் காற்றடிக்கிற நாளில், இது கணிசமாகக் கூடும். மின்சாரம் ஒரு பொருட்டே இல்லை: இக்னைட்டர் எரியும்போது 200 முதல் 300 வாட், பிறகு ஒரு பல்பு அளவு. ஆனால் மின்சாரம் இல்லாமல் இது வெறும் இரும்புப் பெட்டி.

பெல்லட் வாங்கும்போது மூட்டையின் முகப்பைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். 'செர்ரி' என்று பெரிய எழுத்தில் இருக்கும்; உள்ளே பாதிக்கு மேல் ஓக் அல்லது ஆல்டர் மரமாக இருக்கலாம். அது தப்பில்லை, ஓக் நல்ல விறகுதான், ஆனால் செர்ரிக்கான விலையைக் கொடுக்க வேண்டாம். வீட்டுக் கணப்பு அடுப்புக்கு விற்கிற பெல்லட் விலை குறைவு என்று அதைப் போட்டுவிடாதீர்கள். அதில் பைன் போன்ற பிசின் மரங்கள் இருக்கலாம், உணவுக்கான தரமும் கிடையாது. நல்ல பெல்லட்டை விரலில் ஒடித்தால் 'டக்' என்று முறியும், மேற்பரப்பு பளபளக்கும். ஈரம் பட்டது வளைந்து உதிரும். மூட்டையின் அடியில் தூள் நிறையத் தேங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புகை பற்றி ஒரு ஏமாற்றம் எல்லோருக்கும் வரும். விசிறி ஊதி எரிவதால் தீ சுத்தமாக எரிகிறது, அதனால் புகை மெல்லியது. விறகுக் கட்டையை வைத்து 12 மணி நேரம் காவல் காத்த பிரிஸ்கெட்டின் அழுத்தம் இதில் வராது. முதல் மூன்று மணி நேரம் 180 முதல் 200 டிகிரியில் வைத்தால் புகை ஓரளவு ஏறும். இன்னும் வேண்டுமென்றால் 12 அங்குலத் துளைக் குழாய் ஒன்று 15 டாலருக்குக் கிடைக்கும். அதில் பெல்லட்டை நிரப்பி ஒரு முனையில் கேஸ் டார்ச்சால் பற்றவைத்து, சில நிமிடம் எரியவிட்டு, ஊதி அணைத்து வலையின் ஓரத்தில் வையுங்கள். நாலைந்து மணி நேரம் கசியும். மெலிதான நீலப் புகைதான் சரி. வெள்ளையாகப் பொங்கினால் இறைச்சி கசக்கும், அந்த நேரத்தில் உள்ளே எதையும் வைக்காதீர்கள்.

உங்கள் சமையலுக்கு வருவோம். தயிர் மசாலா தடவிய சிக்கன் கால்களை 225-ல் வைத்தால் தோல் ரப்பராக இழுக்கும். 375-ல் 45 நிமிடம், எலும்பை ஒட்டி 175 டிகிரி வரும்வரை விடுங்கள். நன்றாக வரும், ஆனால் தந்தூரியின் கரும்புள்ளி வராது. தந்தூர் அடுப்பு 900 டிகிரியை நெருங்கக்கூடியது, பெரும்பாலான பெல்லட் கிரில்கள் 450, 500-லேயே நின்றுவிடும். கடைசி இரண்டு நிமிடம் கேஸ் கிரில்லில் உச்சத் தீயில் புரட்டி எடுங்கள். அதை விற்காதீர்கள் என்றது இதற்குத்தான். கொத்சுக்குக் கத்தரிக்காய் சுடுவதற்கும் பெல்லட் கிரில் லாயக்கில்லை: காய் வெந்துவிடும், தோல் கருகாது, அந்தச் சுட்ட மணம் கிடைக்காது.

இந்தப் பெட்டியின் அருமை தெரிவது ஆட்டுத் தொடையில். 4, 5 பவுண்டுத் தொடைக்கு முந்தின இரவே உப்பு, இஞ்சி பூண்டு, மிளகு, மல்லி தடவி வையுங்கள். 250 டிகிரியில் மூன்று மணி நேரம், உள்ளே 165 காட்டும்வரை திறந்தபடி. வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பு குறைவு, அதற்கு மேல் திறந்து வைத்தால் விறகாகிவிடும். ஒரு தட்டில் வெங்காயம் பரப்பி, ஒரு கப் எலும்புச் சாறு ஊற்றி, தொடையை வைத்து ஃபாயிலால் இறுக்கி மூடி, 200 டிகிரி தொடும்வரை விடுங்கள். எலும்பு கையோடு வரும். தட்டில் தேங்கிய சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், குழம்புக்கு அதைவிட நல்ல அடி கிடையாது. பிரிஸ்கெட்டும் இதே வழிதான். 150-க்கும் 170-க்கும் இடையில் மணிக்கணக்காகச் சூடு ஏறாமல் நிற்கும்; ஈரம் ஆவியாகி இறைச்சி தன்னையே குளிர்விப்பதால் வருவது அது. கிரில் கெட்டுவிட்டது என்று சூட்டைக் கூட்ட வேண்டாம். புட்சர் பேப்பரில் (இறைச்சி சுற்றுகிற தடித்த தாள்) சுற்றிவிட்டு 203 வரும்வரை பொறுங்கள்.

இனி, எது கெடும் என்பது. வாங்குவதற்கு முன் பலரும் கேட்க மறக்கிற கேள்வி இதுதான்.

முதலில் போவது இக்னைட்டர். விசிறி ஓடும், பெல்லட் விழும், தீ மட்டும் வராது. மல்டிமீட்டரில் 200 வாட் கம்பி 72 ஓம் பக்கம், 300 வாட் கம்பி 48 ஓம் பக்கம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. 15 முதல் 30 டாலர், இரண்டு திருகாணி, அரை மணி நேர வேலை. சொருகியதும் சுவர்ப் பிளக்கின் ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கிற பாதுகாப்பு ஸ்விட்ச்) விழுந்தால், இக்னைட்டருக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது ஆகர் அடைப்பு. மழையில் நனைந்த பெல்லட் ஊதி, தூளாகி, குழாய்க்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். மோட்டார் சுற்றியும் திருகு சுற்றவில்லை என்றால் இணைப்பு ஊசி முறிந்திருக்கும். மோட்டாரைக் காப்பாற்றத்தான் அது முறிகிறது, ஆகவே முதலில் அடைப்பை எடுங்கள், ஊசியை அப்புறம் மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மூட்டப் போவதில்லை என்றால் ஹாப்பரைக் காலி செய்து, பெல்லட்டை மூடி போட்ட வாளியில் வைத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. நடுவில் தீ அணைந்துபோகிறது, ஆகரோ தொடர்ந்து தள்ளுகிறது, ஃபயர்பாட் நிரம்பி வழிகிறது. இது தெரியாமல் மறுபடி ஸ்விட்ச் போட்டால் மொத்தமும் புகைந்து, அந்தப் புகை ஒரே நேரத்தில் பற்றி மூடியையே தூக்கும். தீ அணைந்திருந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள், ஆறவிடுங்கள், தட்டுகளை எடுத்து ஃபயர்பாட்டை வழித்துவிட்டுப் பிறகு மூட்டுங்கள். தீ அணைவதற்கு முக்கால்வாசிக் காரணம் சாம்பல். இரண்டு மூட்டைக்கு ஒருமுறை ஷாப் வேக்கத்தால் (பட்டறைக்கான வாக்யூம் க்ளீனர்) உறிஞ்சினால் போதும், ஆனால் முழுக்க ஆறிய பிறகு; ஒரு கங்கு போதும் வேக்கம் பற்றிக்கொள்ள. சமையல் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி அணைக்கிற பழக்கமும் கெட்டது. ஷட்டவுன் சுழற்சியை முழுதாக ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் கங்கு ஆகர் வழியே ஹாப்பரை நோக்கிப் பின்னேறும்.

கொழுப்பு பற்றிக்கொண்டால் மூடியைத் திறக்கவே கூடாது, தண்ணீர் ஊற்றவே கூடாது. அணைத்துவிட்டு மூடியே இருக்க விடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். வெளிச்சுவரில் பதிக்கிற பிளாஸ்டிக் பலகையான வினைல் சைடிங் சீக்கிரம் உருகும். அடுக்குமாடியில் இருக்கிற யாராவது இதைப் படித்தால்: பல ஊர்களின் தீயணைப்பு விதி, எரியக்கூடிய கட்டுமானத்துக்கு 10 அடிக்குள் இப்படிப்பட்ட அடுப்பை அனுமதிப்பதில்லை. பால்கனிக்கு வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பும்போது கன்டெய்னரில் ஏற்றலாம் என்ற யோசனையும் வேண்டாம். இங்குள்ளது 120 வோல்ட் சாமான், அங்கே 230.

மாதம் இரண்டு முறை என்றீர்கள். அந்த இரண்டும் சிக்கனும் பர்கரும் மட்டும் என்றால் 200 டாலர் வாக்கில் ஒரு கரிக் கெட்டில் கிரில் வாங்குங்கள், ருசி அதில்தான் அதிகம். இரண்டில் ஒன்றாவது நாலு மணி நேரத்துக்கு மேல் வேகிற சமாச்சாரம் என்றால் பெல்லட்.

வாங்கி வந்த அன்றே காலியாக 350-ல் ஒரு மணி நேரம் எரித்து, தொழிற்சாலை எண்ணெய்யைப் போக்குங்கள். அடுத்து, வலை முழுக்க வெள்ளை ரொட்டித் துண்டுகளைப் பரப்பி 350-ல் பத்து நிமிடம் மூடி வையுங்கள். திருப்பிப் பார்த்தால் எந்த மூலை கறுக்கிறது, எது வெளுத்தே கிடக்கிறது என்று தெரிந்துவிடும். கொஞ்சம் ஏற்றத்தாழ்வு எல்லாவற்றிலும் உண்டு. ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை ரொட்டி என்றால் உள்தகடு இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரியாக உட்கார வைத்தும் அப்படியே இருந்தால், ரசீதோடு கடைக்குப் போங்கள்.