நிலக்கரிக்காக ஏன் அழவேண்டும்? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நீங்கள் சொன்ன பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங் இசைக்குழுவின் ‘எவ்ரி வேலி’ ஆல்பத்தை, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழில் வாழ்ந்து அழிந்த கதையை, இரண்டு முறை கேட்டேன். நான் நெய்வேலிக்காரன். அப்பா சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். இசை பிடித்திருந்தது, ஆனால் இரண்டு சந்தேகம். லண்டன் குழு ஒன்று வேல்ஸ்காரர்களின் துயரத்தை எடுத்துப் பாட்டாக்கலாமா? அப்புறம், நிலக்கரி பூமியைச் சூடாக்குகிறது என்று தெரிந்த பிறகு அந்தத் தொழில் போனதற்கு ஏன் அழவேண்டும்?

– ஒரு வாசகர், நெய்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்குப் பதில் அந்த ஆல்பத்திலேயே இருக்கிறது. வேல்ஸின் ஸ்வான்சி நகரில் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் நூலகம் என்று ஒன்று உண்டு. குழுவின் தலைவர் வில்கூஸ் அங்கே போய்த் தேடினார். பழைய ஆவணப்படக் குரல்களையும் சுரங்கத்து மனிதர்களின் குரல்களையும் பேசவிட்டு, அந்தப் பேச்சின் நடைக்கு டிரம்மும் கிட்டாரும் சேர்த்தார்கள். பதிவு செய்த இடம் எப்பு வேல் என்ற பழைய உருக்காலை ஊரின் ஒரு மன்றம். ‘டர்ன் நோ மோர்’ பாட்டின் வரிகள் இட்ரிஸ் டேவிஸ் எழுதியவை; 14 வயதிலேயே சுரங்கத்தில் இறங்கிய கவிஞர் அவர். வெளியாள் வந்து இவ்வளவு பொறுமையாகக் காது கொடுப்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை ரெண்டு நாள் யோசிக்க வைத்தது.

1913-இல் தெற்கு வேல்ஸ் ஏறக்குறைய 5.7 கோடி டன் நிலக்கரி வெட்டியது. அதே வருடம் செங்கெனித் சுரங்க வெடிப்பில் 439 பேர் செத்தார்கள். 1920-இல் அங்கே சுரங்க வேலையில் 2,70,000 பேருக்கு மேல். உங்கள் அப்பா பார்த்தது திறந்தவெளிச் சுரங்கம், தலைக்கு மேலே வானமாவது இருந்திருக்கும். இவர்கள் இருட்டுக்குள் இறங்கிக் குனிந்தபடியே வெட்டினார்கள். முதல் பாட்டில் வருவது நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனின் குரல், அவர் அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான். தன் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு பையனுக்கும் சுரங்கக்காரன் ஆவதே ஆசை என்று எவ்வளவு கர்வமாகச் சொல்கிறார் கவனித்தீர்களா? சற்று தள்ளி, ‘மக்களுக்கு என்றைக்கும் நிலக்கரி தேவைப்படும்’ என்று பொருள்படும் பாட்டு: நல்ல சம்பளம், நிரந்தர வேலை, வா என்று கூப்பிடும் அரசாங்க ஆள்சேர்ப்பு விளம்பரம், துள்ளலான இசையோடு. இன்று கேட்கும்போது அந்தத் துள்ளல்தான் வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் அடுத்து என்ன வரப்போகிறது என்று நமக்குத் தெரியும்.

சுரங்கங்களை மூடுவதை எதிர்த்து 1984 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு வருடம் நீடித்து, பிரதமர் தாட்சரின் அரசிடம் தோற்றது. ஒரு காலத்தில் சுரங்கம் சுரங்கமாக இருந்த ரோண்டா பள்ளத்தாக்கில் கடைசியாக மிஞ்சிய மேர்டி சுரங்கமும் 1990-இல் மூடப்பட்டது. வேறு வேலை வருமா, ஊர் என்ன ஆகும் என்பதற்கு யாரிடமும் திட்டம் இல்லை. ‘எவ்ரி வேலி’ அழுவது இதற்காக. அதே தெற்கு வேல்ஸின் டவர் சுரங்கத்தின் கதையோடு சேர்த்துப் பாருங்கள். 1994-இல் அதை மூடியபோது தொழிலாளர்கள், வேலை போனதற்காகக் கைக்கு வந்த பணத்தில் ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு அவர்களே வாங்கினார்கள், 1995 ஜனவரியிலிருந்து நடத்தினார்கள், நிலக்கரி தீர்ந்த பிறகு 2008-இல் மூடினார்கள். மூடுவது எப்படியும் நடந்திருக்கும், சரி. யார் முடிவில், எவ்வளவு அவகாசத்தோடு என்பதில்தான் ஒரு ஊர் பிழைப்பதும் அழிவதும் இருக்கிறது. பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்படும் நீங்களும் நானும் இதை இன்னும் அதிகமாகவே கேட்கவேண்டும், இனி மூடப்போகும் சுரங்கங்கள் நிறைய.

‘தே கேவ் மீ எ லாம்ப்’ பாட்டை மட்டும் மறுபடி கேளுங்கள். வேலைநிறுத்தத்தின்போது திரண்ட பெண்கள் பேசுகிறார்கள். வீட்டு வாசலைத் தாண்டி மேடை ஏறியவர்கள், பொதுச் சமையலறை நடத்தியவர்கள். தோற்ற போராட்டத்தைப் பற்றிய ஆல்பத்தில் அந்தக் குரல்களில் மட்டும் தோல்வியே இல்லை, பின்னால் இசை மெதுவாக ஏறிக்கொண்டே போகிறது.

கடைசிப் பாட்டை அப்பாவோடு உட்கார்ந்து, ஹெட்ஃபோன் இல்லாமல் கேளுங்கள். எப்பு வேலுக்குப் பக்கத்து ஊரான போஃபோர்ட்டின் ஆண்கள் பாடகர் குழு, வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, வெறும் குரலில் பாடுகிறது. அப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.